டிராவல் நர்ஸ் வேலைக்குப் போகும் ஊரில் 13 வாரத்துக்கு வீடு பிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய், மருத்துவமனைகளில் சில மாதக் காண்ட்ராக்டில் வேலை செய்யும் டிராவல் நர்ஸ் நான். டெக்சாஸில் இருக்கும் ஹூஸ்டனுக்குக் காண்ட்ராக்டில் கிளம்பும்போது, நேரில் பார்க்காத ஒரு வீட்டுக்கு 900 டாலர் அட்வான்ஸ் அனுப்பி ஏமாந்தேன். வீடு நிஜம், படங்களும் நிஜம். என்னிடம் பேசிய ஆள் மட்டும் வீட்டுக்காரர் இல்லை. அதன்பிறகு நான்கு ஊர்களில் வீடு பிடித்துவிட்டேன். இப்போது நான் செய்யும் முறை இதுதான். உங்கள் கையில் லைசென்ஸும் காண்ட்ராக்டும் ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: பணக் கணக்கு

நமக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்சி கொடுக்கும் வீட்டில் தங்கலாம், இல்லையென்றால் ஸ்டைபெண்ட் (வீட்டுச் செலவுக்கான பணம்) வாங்கி நாமே பார்த்துக்கொள்ளலாம். நான் எப்போதும் ஸ்டைபெண்ட்தான். அதற்கு வரி பிடிக்காமல் இருக்க, சொந்த ஊரில் நீங்கள் தொடர்ந்து செலவு செய்து வைத்திருக்கும் வீடு, அதாவது 'டாக்ஸ் ஹோம்', வேண்டும். இதை வரி ஆலோசகரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 2: எங்கே தேடுவது

என் முதல் தேர்வு ஃபர்னிஷ்டு ஃபைண்டர். மாதக் கணக்கில் தங்குபவர்களுக்கான தளம் அது, நம்மிடம் புக்கிங் கட்டணமும் வாங்குவதில்லை. ஏர்பிஎன்பியில் செலவு கூடும். ஆனால் நாம் உள்ளே போய் ஒரு நாள் ஆன பிறகுதான் வீட்டுக்காரருக்குப் பணம் போகிறது என்பதால் முதல் அசைன்மெண்டுக்கு அது நல்லது. கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வரி விளம்பரத் தளத்தில் வரும் வீடுகளை நேரில் பார்க்காமல் நான் எடுப்பதே இல்லை.

படி 3: பேசுபவர் வீட்டுக்காரர்தானா?

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி), சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் உரிமையாளர் பெயர் இலவசமாகத் தெரியும். நானும் பார்த்தேன். பெயர் பொருந்தியது, பணத்தை அனுப்பிவிட்டேன். அதே தளத்தைப் பார்த்துத்தான் அந்த ஆளும் பெயரை எடுத்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. பெயர் பொருந்தவில்லை என்றால் விலகிவிடுங்கள். பொருந்தினாலும் அதோடு நிறுத்தாதீர்கள்.

அடுத்ததாக, படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே படங்கள் வீடு விற்பனைத் தளத்தில் வேறு விலையோடு வந்தால் சந்தேகம்தான். அப்புறம் வீடியோ கால். வாசல் எண்ணில் தொடங்கி, கதவைத் திறந்து, உள்ளே நடந்து காட்டச் சொல்லுங்கள். குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், புகை அலாரத்தையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் காட்டச் சொல்லுங்கள். "நான் வெளியூரில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்ற பதில் வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த பதில் அதுதான்.

அப்டேட்: கருத்துப் பகுதியில் இரண்டு பேர் சொன்னதைச் சேர்க்கிறேன். உரிமையாளர் இடத்தில் ஆள் பெயருக்குப் பதில் எல்எல்சி (ஒரு வகை நிறுவனம்) பெயர் இருந்தால், அந்த மாநிலத்தின் நிறுவனப் பதிவுத் தளத்தில் அதன் பொறுப்பாளர் யார் என்று தேடுங்கள். கலிபோர்னியாவில் பல கவுண்டிகள் உரிமையாளர் பெயரை இணையத்தில் காட்டுவதில்லை. அங்கே அசெசர் அலுவலகத்திலேயே (சொத்து மதிப்பீட்டு அலுவலகம்) கேட்க வேண்டும்.

அப்டேட் 2: காலி வீடுகளைத் தனியாகப் போய்ப் பார்க்க வருபவர்களுக்குத் தரும், கதவுப் பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணை வாங்கி, மோசடிக்காரர்களே உள்ளே நுழைந்து வீடியோ காட்டுவதும் நடக்கிறது. அதனால் இப்போது நான் முதல் வாரம் சமையல் வசதியுள்ள எக்ஸ்டெண்டட் ஸ்டே ஹோட்டலில் தங்கி, நேரில் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் பணம் தருகிறேன். ஒரு வார ஹோட்டல் செலவு வலிக்கும்தான். ஆனாலும் செய்யுங்கள்.

படி 4: பணம் தருவது

கிரெடிட் கார்டு முடிந்தால் அதுவே நல்லது. ஸெல் என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்புவது கையில் காசைக் கொடுப்பது மாதிரி, திரும்பப் பெறுவது மிகவும் கடினம். கிஃப்ட் கார்டு கேட்டால் அது மோசடிதான்.

படி 5: ஒப்பந்தத்தில் ஒரு வரி

மருத்துவமனை காண்ட்ராக்டைப் பாதியில் ரத்து செய்வது இந்த வேலையில் சகஜம். "வேலை ரத்தானால் 14 நாள் முன்னறிவிப்போடு காலி செய்யலாம், மீதி வாடகை கேட்கக் கூடாது" என்று எழுத்தில் வாங்குங்கள். டிராவல் நர்ஸ்களுக்கே வாடகைக்கு விடுபவர்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வாய்வார்த்தை போதாது.

படி 6: டியூட்டி நேரத்தில் போய்ப் பாருங்கள்

நைட் டியூட்டி என்றால் இருட்டிய பிறகு ஒரு தடவை போங்கள். காரிலிருந்து வாசல் வரை விளக்கு இருக்கிறதா, வண்டியைத் தெருவில் விட வேண்டுமா என்று பாருங்கள். பகலில் தூங்க வேண்டுமே, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்றும் கவனியுங்கள். வீட்டில் ஒரு அறை மட்டும் எடுத்தால், அறைக்கதவை உள்ளிருந்து பூட்ட முடிய வேண்டும். அது இல்லாத அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள். அடுத்து இணையக் குற்றப் புகார்களுக்கான எஃப்பிஐயின் ஐசி3 தளத்திலும் உள்ளூர் போலீஸிலும் புகார் கொடுங்கள். நான் மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன், வங்கி கேட்ட முதல் கேள்வியே "ஏன் உடனே கூப்பிடவில்லை?" என்பதுதான்.