படியின் விளிம்பு பிரிந்து தெரியாத பிள்ளைக்கு

கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில்) வசிக்கும் ஏழு வயதுச் சிறுவன், ஒவ்வொரு படியிலும் நின்று காலால் துழாவிய பிறகே கீழே இறங்குவான். பயந்த சுபாவம் என்றே அவனுடைய தாய் நெடுநாள் எண்ணியிருந்தார். சிறப்பு ஆசிரியராக அந்த வீட்டுக்குச் சென்று வந்த எனக்கு, அவனோடு நான்கைந்து முறை அதே படிகளில் இறங்கிய பின்னரே காரணம் விளங்கியது. ஒரே சாம்பல் நிறச் சிமெண்டில் ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது அவனுக்குப் பிரிந்து தெரியவில்லை.

கை கால்களைத் திட்டமிட்டு இயக்குவதில் பிறவியிலேயே இருக்கும் சிரமத்தை டிஸ்பிராக்சியா என்கிறோம். 5 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இந்தச் சிரமம் உண்டு. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இவர்களில் பலருக்கு, கண் தெளிவாகப் பார்த்தாலும், பார்த்ததன் தூரம், திசை, அளவு ஆகியவற்றைக் கணிப்பதும் நெருக்கமான பல உருவங்களிலிருந்து வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுப்பதும் கடினமாகின்றன.

முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளிக்கு வந்து தூரத்து எழுத்துகளை மட்டும் படிக்கச் சொல்லும் சோதனை போதாது. அருகிலிருப்பதைப் பார்க்கும் திறனையும், இரு கண்களும் சேர்ந்து இயங்குவதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கண்ணில் குறை இருந்தால் அதைச் சரிசெய்த பிறகும் சிரமம் நீடித்தால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தையும் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையும் அணுகலாம். நிறக் கண்ணாடி அணிந்தால் படிப்பு வந்துவிடும் என்று சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். கற்றல் குறைபாட்டுக்கு அத்தகைய கண்ணாடிகள் பயன் தருவதாகச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் கூட்டாகவே அறிவித்திருக்கிறார்கள்.

பிள்ளை எந்த வேலையில் தடுமாறுகிறதோ அந்த வேலையையே, நடக்கும் இடத்திலேயே, சிறு கூறுகளாக்கிப் பழக்குவதுதான் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே மலையில் படிக்கட்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு, வழுக்காதபடி மணல் கலந்த மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள். மூடுபனி இறங்கினால் அந்த மஞ்சளும் மங்கிவிடும் என்பதால், படிகளை வாய்விட்டு எண்ணி இறங்கப் பழக்குங்கள். வீட்டிலிருந்து பாதை வரை பதினேழு படி என்று அந்தச் சிறுவனுக்கு மனப்பாடமான பிறகு, கண் தடுமாறும் இடத்தில் எண்ணிக்கை அவனுக்குத் துணை நின்றது.

ஸ்வெட்டரின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாமல் பள்ளிக்குத் தாமதமாகும் பிள்ளைகள் இங்கே உண்டு. கழுத்தின் உட்புறத்தில், முதுகுப் பக்கமாக, சிவப்பு நூலால் நான்கு தையல் போட்டால் போதும். பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போடச் சொல்லுங்கள். கீழ்ப்பொத்தான்தான் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

தமிழ் எழுத்துகளில் கூடுதல் பொறுமை வேண்டும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று நம் பள்ளிகளில் சொல்லித்தருவது வெறும் பெயரன்று, அது இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல பிடிமானம். எழுதும்போதே சுழியை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். கெ, கே, கை ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. கொ, கோ ஆகியவற்றிலோ மெய்க்கு இரு பக்கமும் குறி நிற்கிறது. பார்ப்பதன் வரிசையும் கேட்பதன் வரிசையும் இப்படி மாறுவதால் பிள்ளை குழம்புகிறது. மெய்யெழுத்தைக் கறுப்பிலும் உயிர்க்குறியைச் சிவப்பிலும் பெரிதாக எழுதிக் காட்டி, இரண்டும் சேர்ந்தே ஓர் எழுத்து என்று விரலால் வட்டமிடச் செய்யுங்கள். வாசிக்கும்போது, பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி நீளமாகச் சன்னல் வெட்டிப் பக்கத்தின்மேல் வைத்தால், மற்ற வரிகள் கண்ணை இழுக்காது. கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு, கட்டத்துக்கு ஓர் இலக்கம்.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவது இவர்களுக்கு மிகவும் கடினம். தூரத்தில் பார்த்து, நினைவில் வைத்து, குனிந்து எழுதி, நிமிர்ந்து விட்ட இடத்தை மறுபடியும் தேட வேண்டியிருக்கிறது. முன்வரிசையின் நடுவில் இடமும், பாடக்குறிப்பின் நகலும் தருமாறு ஆசிரியரிடம் கேளுங்கள். மழைக்கால இருட்டில் வகுப்பறை விளக்கை எரியவிடச் சொல்வதும் கேட்கத்தக்க உரிமையே.

பிரித்தறியும் பழக்கத்துக்குத் தனிப் பொருள்கள் வாங்க வேண்டியதில்லை. கேரட் குவியலில் கலந்த பீன்ஸை எடுப்பது எளிது; பிஞ்சு பீன்ஸில் கலந்த முற்றியதை எடுப்பது கடினம்; வாசலோரத் தேயிலைச் செடியில் கரும்பச்சை இலைகளுக்கிடையே வெளிர்ந்து நிற்கும் கொழுந்தைக் கண்டு காட்டுவது அதைவிடக் கடினம். இந்த வரிசையிலேயே ஏறுங்கள். மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்துக் கோலத்தைக் கோட்டால் இணைப்பது கண்ணையும் கையையும் சேர்த்துப் பழக்கும். ஆண்பிள்ளைக்கும் கோலம் ஆகும். பந்து சரிவில் உருண்டோடிப் பிள்ளையைச் சலிப்படையச் செய்யும் என்பதால், மெதுவாக இறங்கும் பலூனில் தொடங்கி, பிறகு சுவரில் எறிந்து பிடிக்கும் பந்துக்கு வாருங்கள்.

எந்தப் பயிற்சியிலும் பிள்ளையே நான்கு படிகளைச் சொல்லட்டும்: என்ன செய்யப்போகிறேன், எப்படிச் செய்வேன், செய்கிறேன், சரியாக வந்ததா. டம்ளரில் தண்ணீர் சிந்தினால் உடனே திருத்தம் சொல்லாமல், “எங்கே சிந்திச்சு, அடுத்த தடவை என்ன மாத்தலாம் கண்ணு?” என்று கேளுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை களைத்திருக்கும் மாலையில் வேண்டாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாடுகளை விளக்கும் இடத்தில் டிஸ்பிராக்சியாவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கோரச் சான்று தேவைப்படும் என்பதால், பத்தாம் வகுப்பு வரை காத்திராமல் பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மருத்துவரிடம் போகும்போது பிள்ளையின் ஓராண்டு நோட்டுகளை, திருத்தாமல், கிழிந்த பக்கங்களோடு எடுத்துச் செல்லுங்கள்.