குடிநோய் ஆராய்ச்சிக்கு வர நினைக்கிற தம்பி, தங்கைகளுக்கு

வழி இரண்டு. எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி., அதற்கு மேல் வேண்டுமானால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடங்களில் அடிக்‌ஷன் சைக்கியாட்ரியில் (போதை நோய்களுக்கான மனநல மருத்துவம்) மூன்று வருட டி.எம். என்ற மேல்பட்டம். மருத்துவம் படிக்காதவர்கள் உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை, நெட் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் என்று வரலாம். நான் இரண்டாவது வழியில் வந்தவன். பேராசிரியர் பதவிக்கு எப்படியும் பல வருடம் ஆகும். அதைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம்.

முதலில் பழக வேண்டியது, குடியைக் கணக்கெடுப்பது. ஒருவரின் குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று அறிய உதவும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாளில் பத்தே கேள்விகள். அதில் ஒன்று, குடிக்கிற நாளில் எத்தனை 'டிரிங்க்' என்று கேட்கும். ஒரு டிரிங்க் என்றால் பத்து கிராம் ஆல்கஹால். நம் ஆள் என்ன சொல்வார்? "ஒரு குவாட்டர்தாங்க" என்பார். நீங்கள் 'ஒன்று' என்று எழுதினால் போச்சு. குவாட்டர் என்பது 180 மில்லி, 42.8 சதவீத ஆல்கஹால். கணக்குப் போட்டால் அறுபது கிராம், அதாவது ஆறு டிரிங்க். "கட்டிங்", அதாவது அரை குவாட்டர், என்றால் மூன்று. 650 மில்லி பீர் பாட்டிலில் ஐந்து சதவீதம் இருந்தால் இரண்டரை. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் நான்கு. ஆகவே பிராண்ட், பாட்டில் அளவு, எத்தனை பேர் பங்கு போட்டார்கள் என்று கேளுங்கள். என் மாணவர்கள் இதை மனப்பாடமாகச் சொன்ன பிறகுதான் வார்டுக்குள் விடுவேன்.

அட்மிட் ஆன அன்றே சம்மதப் படிவத்தை நீட்டாதீர்கள். குடியை நிறுத்திய சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் இடம், பொழுது தெரியாத குழப்பமே வரும். அந்த நிலையில் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை. தெளிந்து, சாப்பிட்டு, தூங்கி எழட்டும். அண்ணே, ஐயா என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டாம் என்றாலும் சிகிச்சை குறையாது என்பதை முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் பின்தொடர்தல். இந்தத் துறையின் உயிரே அதில்தான். ஹெராயின், புகை, மது மூன்றிலும் சிகிச்சை முடிந்தவர்கள் திரும்பப் பழக்கத்துக்குப் போவது முதல் மூன்று மாதத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது என்று 1971இலேயே ஹன்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டிவிட்டார்கள். அந்த மூன்று மாதத்தில் ஆள் கைவிட்டுப் போனால் உங்கள் ஆய்வில் மிஞ்சுவது நன்றாக இருப்பவர்கள் மட்டுமே. சிகிச்சை பிரமாதம் என்று பொய்யான முடிவு வரும். எனவே அவர் அனுமதியோடு மூன்று போன் எண்கள் வாங்குங்கள்: அவருடையது, வீட்டில் ஒருவருடையது, வேலை இடத்திலோ டீக்கடையிலோ ஒருவருடையது. வேறு யாராவது எடுத்தால் பெயரை மட்டும் சொல்லி, "அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க" என்று வைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரி, ஆராய்ச்சி என்று ஒரு சொல்லும் வரக் கூடாது. ஊரில் பரவினால் பெண் பார்க்கிற இடம் வரை போகும்.

பண விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. மது, சிகரெட் கம்பெனிப் பணம் கருத்தரங்கு மதியச் சாப்பாடாக வந்தாலும் தொடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிதிக்கு விண்ணப்பியுங்கள், தாமதமாகும், பரவாயில்லை. மருந்துச் சோதனையாக இருந்தால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்துவிடுங்கள்.

கட்டுரை எழுதும்போது 'குடிகாரர்' என்று எழுதி வருகிற மாணவருக்கு நான் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்; அது நோயாளியை இழிவுபடுத்தும் சொல்.