இரு கதைகளின் விண்கலங்களை மோதவிட்டுப் பார்க்க: குவாரிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஸ்டார் வார்ஸ் படங்களின் விண்கலமும் ஸ்டார் ட்ரெக் தொடரின் விண்கலமும் மோதினால் எது வெல்லும்? எந்தக் கலம் பெரியது என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஸ்டார் வார்ஸின் ஸ்டார் டிஸ்ட்ராயர் 1,600 மீட்டர் நீளம். ஸ்டார் ட்ரெக்கின் எண்டர்பிரைஸ்-டி சுமார் 640 மீட்டர். சண்டையில் நீளம் பேசாது. ஒரு முறை சுட்டால் வெளிப்படும் ஆற்றல் எவ்வளவு என்பதே நமக்கு வேண்டியது.

ஆகவே, ஆயுதம் நமக்குத் தெரிந்த ஒரு பொருளைத் தாக்கும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். பாறையைவிடப் பொருத்தமானது வேறில்லை. 1980-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில், சிறுகோள்களுக்கு இடையே செல்லும் கலங்கள் எதிர்ப்படும் பாறைகளைச் சுட்டு அழிக்கின்றன. காட்சியை நிறுத்தி, கலத்தின் நீளத்தை அளவுகோலாக வைத்துப் பாறையின் விட்டத்தைக் கணியுங்கள்.

அடுத்த படிதான் உயிர்நாடி. பாறை உடைந்ததா, உருகியதா, ஆவியானதா? கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது எளிது. குவாரியில் வெடி வைத்த பிறகு கல் கல்லாகவேதான் கிடக்கும் என்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜல்லிக் குவாரியில் ஒரு கன மீட்டர் பாறையை உடைக்க ஏறக்குறைய அரை கிலோ வெடிமருந்து போதும். 10 மீட்டர் விட்டமுள்ள உருண்டைப் பாறை சுமார் 520 கன மீட்டர். அதை உடைக்க 260 கிலோ மருந்து, அதாவது ஏறத்தாழ 100 கோடி ஜூல். அதே 1,400 டன் கருங்கல்லை முழுவதும் ஆவியாக்க, கிலோவுக்கு ஒரு கோடி ஜூல் என்று வைத்தாலும் 14 லட்சம் கோடி ஜூல் ஆகிறது. ஹிரோஷிமா குண்டின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு! ஒரே காட்சிக்கு இரண்டு விடைகள், இடையே 14,000 மடங்கு. பெரும்பாலான வாக்குவாதங்கள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. சிதறல்கள் பறப்பது தெரிந்தால் ஆவி என்று எழுதாதீர்கள்.

இப்போது எதிர்த்தரப்பு. ஸ்டார் ட்ரெக்கின் தொழில்நுட்பக் கையேடு, எண்டர்பிரைஸ் ஏவும் ஃபோட்டான் டார்பிடோ என்ற குண்டில் 1.5 கிலோ எதிர்ப்பொருள் (antimatter) இருப்பதாகச் சொல்கிறது. அதே எடையுள்ள சாதாரணப் பொருளோடு அது சேர்ந்து அழிந்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 64 மெகா டன், அதாவது 6.4 கோடி டன், டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் அது ஏட்டுக் கணக்கு. பாறைக் கணக்கு திரையிலிருந்து வந்தது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது நியாயமில்லை. டார்பிடோவுக்கும் ஒரு பாறைக் காட்சியைத் தேடி, அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெற்றிடத்தில் அதிர்ச்சி அலையைச் சுமக்கக் காற்று இல்லை. கதிர்வீச்சோ தூரம் இரட்டித்தால் கால் பங்காகக் குறையும். குறி தவறி வெடித்த குண்டுக்கு முழு மதிப்பெண் தராதீர்கள். கவசம், வேகம் ஆகியவற்றையும் இப்படியே காட்சியிலிருந்து எடுக்கலாம்.

விடையை ஒற்றை எண்ணாக எழுத வேண்டாம். பாறையின் விட்டத்தை இரு மடங்காகத் தவறிக் கணித்தாலே எடை எட்டு மடங்காகிவிடும். ஆகையால் பத்து மடங்குக்குள் வரும் வேறுபாட்டைச் சமம் என்றே குறித்துக்கொள்ளுங்கள்.