பழைய சீனக் கார்: பெயருக்கு முன் எண்ணைப் பாருங்கள்

அரிய பழைய சீனக் கார் ஒன்றை இனங்காண, பெயரைவிட அதன் மாதிரி எண்ணை முதலில் தேடுங்கள். 'சி.ஏ.' சாங்சுன் நகரின் முதல் மோட்டார் ஆலையையும், 'எஸ்.எச்.' ஷாங்காயையும், 'பி.ஜே.' பெய்ஜிங்கையும் குறிக்கும்; தொடர்ந்து 7 வந்தால் அது பயணிகள் கார். பெயர்களோ நம்மை எளிதில் குழப்பிவிடும்: 1958இல் 'ஃபெங்ஹுவாங்' என்று பிறந்த காரே பின்னர் 'ஷாங்காய் எஸ்.எச். 760' ஆனது, சி.ஏ. 72இன் பெயரைப் பின்யின் முறையில் (சீன மொழியை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறை) 'கியூ' (Q) எழுத்திட்டு எழுதுவதால் பலர் 'ஹாங்கி' என்கிறார்கள், ஆனால் அந்த எழுத்துக்குச் 'ச்ச' ஒலி என்பதால் 'ஹோங்ச்சி' என்பதே சரி. 1931இல் ஷென்யாங்கில் உருவான மின்ஷெங் லாரி போன்ற 1949க்கு முந்தைய வண்டிகளுக்கு இவ்வழி பொருந்தாது.