ஏழே நிமிடத்தில் வாயை எடுத்துவிடும் குழந்தைக்குக் கெட்டிப் பால் கிடைக்கிறதா?

மார்கழி மாதம், கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறை. என் மகளுக்கு அப்போது ஒன்றரை மாதம். ஏழு நிமிடம் பால் குடிப்பாள், வாயை எடுத்துவிடுவாள். ஒரு மணி நேரத்தில் மறுபடி கேட்பாள். "கோழி கொத்துற மாதிரி கொத்திட்டு விட்டுடுறாளே, முதல்ல வர்றது தண்ணிப் பாலும்மா, சத்து எல்லாம் கடைசியிலதான்" என்று அத்தைக்கு ஒரே கவலை. தடுப்பூசி போடப் போன இடத்தில், ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து பாலூட்டும்போதெல்லாம் என் கண் கடிகாரத்தில்தான். அவள் வாயை எடுக்க எடுக்க நான் திரும்ப வைப்பேன். அவள் அழுவாள், நானும் அழுவேன்.

இன்றைக்கு அதே நிலையில் இருக்கும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன். கடிகாரத்தை விட்டுவிட்டு எதைப் பார்க்கணும், என்ன செய்யணும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் முன்பால், பின்பால் விஷயம்

முதலில் வரும் நீர்த்த பாலை முன்பால் என்றும், கடைசியில் வரும் கெட்டிப் பாலைப் பின்பால் என்றும் சொல்கிறார்கள். ஆனால் மார்பில் இரண்டு விதப் பால் தனித்தனியாக இல்லை. இருப்பது ஒரே பால். மார்பு நிறைந்திருக்கும்போது கொழுப்புத் துளிகள் பால் சுரக்கும் இடத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. குழந்தை குடிக்கக் குடிக்க அவை கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டுப் பாலோடு இறங்குகின்றன. மாடு கறப்பவர்களைக் கேளுங்கள், கடைசியில் பீச்சுகிற பால்தான் கெட்டி என்பார்கள். இதுவும் அதே கதைதான். இத்தனாவது நிமிடத்தில் முன்பால் முடிந்து பின்பால் தொடங்குகிறது என்று ஒரு கோடு எங்கும் கிடையாது.

ஆக, பால் எவ்வளவு கெட்டியாக வரும் என்பது மார்பு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாலு மணி நேரம் கொடுக்காமல் இருந்த மார்பில் முதலில் வருவது நீர்த்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் குடித்த மார்பு என்றால், முதல் வாயே ஓரளவு கெட்டியாக இருக்கும். அடிக்கடி, கொஞ்ச நேரம் குடிக்கிற குழந்தைக்குச் சத்து இப்படித்தான் போய்ச் சேருகிறது.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும், ஒன்று முதல் ஆறு மாதம் வரையான 71 குழந்தைகள். ஒரு நாளில் சில குழந்தைகள் 6 தடவை குடித்தன, சில 18 தடவை. எத்தனை தடவை குடித்தாலும், 24 மணி நேரத்தில் கிடைத்த மொத்தக் கொழுப்பில் அதனால் வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது: குழந்தைகள் மார்பை முழுக்கக் காலி செய்வதில்லை, சராசரியாக மூன்றில் இரண்டு பங்குதான் எடுக்கின்றன. இதைப் படித்த அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வயிறு நிறைந்து வாயை எடுக்கிற குழந்தை வேறு, பாதியில் தூங்கிப்போகிற குழந்தை வேறு. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான்.

1. கையுறையைக் கழற்றுங்கள்

இந்த மலைக் குளிரில் நாம் குழந்தையைக் குல்லா, கையுறை, ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை என்று பொட்டலம் கட்டிவிடுகிறோம். அந்தக் கதகதப்போடு மார்பில் வைத்தால் நாலு வாய் குடித்ததும் தூக்கம் சொக்கும். கொடைக்கானல் பக்கத்துக் குழந்தைகள் பலர் சீக்கிரம் வாயை எடுக்க இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குல்லாவையும் கையுறையையும் எடுத்துவிடுங்கள். ஸ்வெட்டரைக் கழற்றி, உங்கள் வெறும் மார்போடு குழந்தையின் மார்பு படும்படி அணைத்து, சால்வையை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்துங்கள். உங்கள் உடம்புச் சூடே போதும். அறையைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அந்தப் புகை உயிரை எடுக்கும்.

கையுறை இல்லாவிட்டால் இன்னொரு நன்மை. பசியோடு வரும் குழந்தையின் கை இறுக்கி மூடியிருக்கும். வயிறு நிறைய நிறைய விரல்கள் ஒவ்வொன்றாக விரியும், கடைசியில் கை துவண்டு உங்கள் மேல் கிடக்கும். கம்பளிக்குள் இருந்தால் இதைப் பார்க்க முடியாது.

2. வாயில் சரியாகப் பிடித்திருக்கிறதா?

குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் நேர்கோட்டில் இருக்கணும். காம்பு மூக்குக்கு நேராக இருக்கும்படி பிடியுங்கள். கொட்டாவி விடுகிற மாதிரி வாய் அகலத் திறந்ததும் குழந்தையை மார்பிடம் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோக வேண்டாம். முகவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்திருந்தால் சரி. வலித்தால் பிடி சரியில்லை. சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு, மறுபடி வையுங்கள்.

3. விழுங்குவதைக் கேளுங்கள்

எனக்கு மிகவும் உதவியது இதுதான். ஆரம்பத்தில் குழந்தை வேகவேகமாக, சின்னச் சின்னதாக உறிஞ்சும். அது பாலை வரவழைக்கிற உறிஞ்சல். பால் இறங்கியதும் வேகம் குறையும். முகவாய் கீழே இறங்கி, ஒரு கணம் அப்படியே நிற்கும், அப்புறம் மூடும். அந்த ஒரு கணத்தில்தான் வாய் நிறைகிறது. உடனே 'க்ஹ்' என்று மெல்லிய மூச்சுச் சத்தம் வரும். ராத்திரி ஊர் அடங்கிய பிறகு கொடுத்தால் தெளிவாகக் கேட்கும். ஏழு நிமிடமும் இந்தச் சத்தம் தொடர்ந்து வந்தால் குழந்தை நிஜமாகவே குடிக்கிறது. அரை மணி நேரம் வாயில் வைத்திருந்தும் சத்தமே இல்லை என்றால் அந்த அரை மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

4. சத்தம் நின்றதும் மார்பை அமுக்கிக் கொடுங்கள்

உறிஞ்சல் இருக்கிறது, விழுங்கல் இல்லை. அப்போது கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நாலு விரல் மறுபக்கம் வைத்து, கருவளையத்தை விட்டுத் தள்ளி மார்பைப் பிடியுங்கள். வலிக்காமல் அமுக்கி அப்படியே வைத்திருங்கள். குழந்தை மறுபடி விழுங்கத் தொடங்கும். நின்றதும் கையை எடுத்துவிட்டு, இடம் மாற்றி இன்னொரு முறை அமுக்குங்கள். தூங்குமூஞ்சிக் குழந்தைக்கு இது நன்றாக வேலை செய்யும்.

5. தானாக விட்ட பிறகு மறு பக்கம்

நேரம் பார்த்துப் பக்கம் மாற்ற வேண்டாம். ஒரு பக்கத்தைக் குழந்தையே விடட்டும். ஏப்பம் வரவழைத்து, துணி மாற்றி, அப்புறம் அடுத்த பக்கம் காட்டுங்கள். குடித்தால் சரி, வேண்டாம் என்றாலும் சரி. அடுத்த தடவை அந்தப் பக்கத்தில் தொடங்குங்கள்.

பால் மிக அதிகமாகச் சுரக்கும் தாய்மாருக்கு இது ரொம்ப முக்கியம். பாதியிலேயே பக்கம் மாற்றினால் இரண்டு பக்கமும் நீர்த்த பாலே நிறையப் போகும். அதில் உள்ள பால் சர்க்கரை மொத்தமாகக் குடலில் இறங்கி, வயிறு உப்பி, மலம் பச்சையாக நுரைத்துப் போகும். முன்பால் பற்றி உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

பூண்டு பற்றி ஒரு வார்த்தை

எங்கள் ஊரே மலைப்பூண்டுக்குப் பேர் போனது, புவிசார் குறியீடும் வாங்கியது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுப் பால், பூண்டுக் குழம்பு இல்லாத நாள் கிடையாது. 1991இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், தாய் பூண்டு சாப்பிட்ட சில மணி நேரத்தில் பாலில் அந்த மணம் வந்தது. குழந்தைகளும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பில் இருந்தன. ஆனால் பால் அதிகமாகச் சுரக்க, அடிக்கடி கொடுப்பதுதான் வழி. அத்தை தரும் பூண்டுக் குழம்பை நான் மனசாரச் சாப்பிட்டேன்.

6. துணியை எண்ணுங்கள், எடையைப் பாருங்கள்

முதல் சில வாரம் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கொடுப்பது இயல்பு. ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளில் குறைந்தது ஆறு தடவை வெளிர் நிறமாகச் சிறுநீர் போகணும். மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்கணும். மழைக்காலத்தில் துணி காயாது, டயபர்தான் என்றால் காய்ந்த டயபரில் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். நனைந்த டயபரின் கனம் அதுதான்.

பிறந்த எடையில் முதல் சில நாளில் கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் அதே எடைக்குத் திரும்பணும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் கூடினால் நிம்மதியாக இருக்கலாம். அங்கன்வாடியில் ஒரே தராசில், கம்பளி எல்லாம் கழற்றிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். என் மகளை ஒரு முறை ஸ்வெட்டரோடும் ஒரு முறை இல்லாமலும் நிறுத்து, எடை குறைந்துவிட்டது என்று பயந்து போனோம். அடுத்த வாரம் வெறும் உடம்போடு நிறுத்தபோது 190 கிராம் கூடியிருந்தாள். அப்போதும் ஏழு நிமிடம்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலை உள்ள குழந்தை, பிறந்து இரண்டு வாரம் ஆகாத குழந்தை இவர்கள் தூங்கட்டும் என்று விடாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் போகாமல் எழுப்பிக் கொடுங்கள். மார்பில் பிடிக்கத் தெம்பில்லை என்றால் பாலைப் பீச்சிப் பாலாடைச் சங்கில் கொடுத்துக்கொண்டே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். சின்னச் சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது.

சிறுநீர் ஆறு தடவைக்குக் குறைந்தாலோ, இரண்டு வாரமாகியும் பிறந்த எடை வராவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தை எழுப்பினாலும் எழவில்லை, பாலே குடிக்கவில்லை, உடம்பு சுடுகிறது அல்லது சில்லிட்டிருக்கிறது என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் 108க்குப் போன் போடுங்கள். மலைப் பாதையில் வண்டி வந்து சேரவே நேரமாகும், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.