பின் கழன்றாலும் விழாத வாட்ச் வார்: தோலில் நாமே செய்யலாம்

அப்பாவின் ஹெச்.எம்.டி. ஜனதா ஒருநாள் என் கையிலிருந்து கழன்று பேருந்து நிலையத் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் வார் நன்றாகத்தான் இருந்தது. வாரையும் வாட்சையும் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்னில் ஒன்று தெறித்துப் போயிருந்தது. நல்லவேளை, கண்ணாடியில் ஒரு கீறலோடு போயிற்று. அன்றிலிருந்து அந்த வாட்சுக்கு நானே வெட்டித் தைத்த வார்தான் போடுகிறேன்.

கடை வார் இரண்டு துண்டாக வரும். ஒரு துண்டுக்கு ஒரு பின். எது கழன்றாலும் வாட்ச் தரையில்தான். நாம் செய்யப்போவது ஒரே நீளத் துண்டு. மேல் பின்னுக்கு உள்ளே நுழைந்து, வாட்சின் முதுகுக்கு அடியில் ஓடி, கீழ்ப் பின் வழியாக வெளியே வரும். ஒரு பின் கழன்றாலும் இன்னொன்றில் வாட்ச் தொங்கிக்கொண்டிருக்கும். பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் 1973-ல் படைவீரர்களுக்காக வகுத்த நைலான் வாரிலும் இதே யோசனைதான். நேட்டோ ஸ்ட்ராப் என்று இன்று கடைகளில் விற்பது அதன் வழிவந்தது. நாம் அதைத் தோலில் செய்கிறோம், அவ்வளவுதான்.

தோல் வாங்கும்போது

இந்த வேலையில் பாதி வெற்றி தோலில் இருக்கிறது. விலை குறைந்த வார்கள் பல ஆறு மாதத்தில் உரிவதற்குக் காரணம், மேலே தெரிவது தோலே அல்ல, பிளாஸ்டிக் பூச்சு. வியர்வை பட்டுப் பட்டு அது செதில் செதிலாக வந்துவிடும். நமக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பழைய முறை இதுதான். பிறகு ஆவாரம்பட்டையின் இடத்தை ‘வாட்டில்’ என்ற மரத்தின் பட்டை பிடித்துக்கொண்டது. ஈ.ஐ. லெதர் (ஈஸ்ட் இந்தியா லெதர்) என்ற பெயரில் நம் ஊர்ப் பட்டைத் தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சென்னையில் இருப்பவர்கள் தோல் கடைகள் நிறைந்த பெரியமேட்டில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். வெட்டு மிச்சத் துண்டு கிடைத்தாலே ஒரு வாருக்குப் போதும்.

வாங்கும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பட்டைத் தோல் குடித்துக்கொண்டு அந்த இடம் கருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் நிற்கும். வெட்டிய ஓரத்தில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் தோல், அதாவது பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிட்டது. அது கெட்டதில்லை, ஆனால் அதன் ஓரத்தைத் தேய்த்து மெருகேற்ற முடியாது.

தடிமன் 1.2 முதல் 1.4 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் பின்னுக்கும் வாட்சுக்கும் நடுவே நுழையாது. பழைய வாட்சுகளில் அந்த இடுக்கு மிகவும் குறுகல். வாட்சைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ஒரு சிறு துண்டைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

பக்கிள் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். சாதா இரும்பு வேண்டவே வேண்டாம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை உருவாகும்; கலம்காரித் துணியின் கறுப்பே அப்படி வருவதுதான். பட்டைத் தோலில் இரும்பு பக்கிளை மாட்டி வியர்வையும் சேர்ந்தால், தோலில் கறுப்புத் திட்டு விழும். அது சுலபத்தில் போகாது.

இவை தவிர கட்டர், ஸ்டீல் ஸ்கேல், 2 மி.மீ. துளை போடும் பஞ்ச், குத்தூசி, மெழுகு தடவிய பாலியெஸ்டர் நூல், முனை மழுங்கிய இரண்டு ஊசி, செருப்பு ஒட்டும் சொல்யூஷன், உப்புத்தாள், கொஞ்சம் தேன்மெழுகு.

அளவு

வாட்சின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் வாரின் அகலம். ஜனதாவில் அது 18 மி.மீ. மற்ற வாட்சுகளில் பெரும்பாலும் 20 அல்லது 22 இருக்கும். வாரை அதைவிட அரை மி.மீ. குறைத்து வெட்டுங்கள், உரசாமல் நுழையும்.

நீளத்துக்கு மணிக்கட்டை நூலால் சுற்றி அளக்க வேண்டும். என்னுடையது 170 மி.மீ. வார் பின்களின் மேல் ஏறி இறங்குவதற்காக 15 சேர்த்தால் 185. இதுதான் பக்கிள் கம்பியிலிருந்து நடுத் துளை வரையுள்ள தூரம். நடுத் துளைக்கு இரு பக்கமும் 6 மி.மீ. இடைவெளியில் மும்மூன்று துளைகள், மொத்தம் 7. கடைசித் துளைக்கு அப்பால் நுனிக்கு 45, பக்கிளைச் சுற்றி மடிக்க 30. கூட்டினால் 278 வரும். நான் 280 வெட்டிக்கொள்வேன்.

இதை முதலில் சார்ட் பேப்பரில் வெட்டி, வாட்சில் கோத்துக் கையில் கட்டிப் பாருங்கள். தப்பு இருந்தால் காகிதத்தோடு போகட்டும்.

வெட்டுதல்

மாட்டின் முதுகெலும்பு ஓடிய திசையில் நீளவாக்காக வெட்டினால் வார் அதிகம் இழுபடாது. வயிற்றுப் பக்கத் தோல் நீண்டு தொங்கிவிடும், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே மூச்சில் அறுக்காமல், மெதுவாக மூன்று முறை இழுங்கள். நுனியைக் கூர்மழுங்கிய வேல் வடிவில் வெட்டினால் இடுக்கில் சுலபமாக நுழையும்.

மடிக்கும் பக்கத்து 30 மி.மீ.யை உள்புறமாகச் சீவிப் பாதித் தடிமனாக்குங்கள். பிளேடைப் படுத்தவாக்கில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். சீவாமல் மடித்தால் மணிக்கட்டில் அந்த இடம் குத்திக்கொண்டே இருக்கும்.

மடிப்புக் கோட்டின் மையத்தில் பக்கிள் நாக்குக்கு ஒரு பிளவு தேவை. 10 மி.மீ. தள்ளி இரண்டு துளை போட்டு, அவற்றை இரு பக்கமும் கட்டரால் வெட்டி இணைத்தால் போதும். வெறும் கோடாக வெட்டாதீர்கள், கோட்டின் முனையில்தான் தோல் கிழிய ஆரம்பிக்கும். வட்டத் துளையில் முடித்தால் கிழியாது.

தையல்

பக்கிளை மாட்டி மடித்து, லேசாகச் சொல்யூஷன் தடவி ஒட்டுங்கள். 6 மி.மீ. அகலத்தில் ஒரு மெல்லிய பட்டையை வாரின் மூன்று அடுக்கைச் சுற்றி அளந்து, 2 மி.மீ. தளர்வு விட்டு வெட்டுங்கள். வாரின் நுனியைப் பிடித்துவைக்கும் வளையம் இது. மடிப்பை ஒட்டும் முன்பே இதன் இரு முனைகளும் அதற்குள் போய்விட வேண்டும். வளையத்துக்கு முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி என்று குறுக்கே இரண்டு தையல்.

ஒரு வரிக்கு நான்கே துளை, 4 மி.மீ. இடைவெளியில். நெருக்கமாகத் தைத்தால் உறுதி கூடும் என்று தோன்றும். ஆனால் குறுக்குவாட்டில் நெருங்கிய துளைகள் தபால்தலை ஓரம் மாதிரி ஆகி, அந்த வரியிலேயே தோல் கிழிந்துவிடும். முதல் வாரில் நான் இந்தத் தப்பைச் செய்தேன்.

குத்தூசியால் துளைகளைப் போட்டுவிட்டு, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு ஊசி முன்னிருந்து பின்னுக்கும், மற்றது பின்னிருந்து முன்னுக்கும் போக வேண்டும். இழுக்கும்போது இரு கையும் ஒரே பலத்தில் இழுக்கட்டும். இப்படித் தைத்தால் ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலில் அது நடக்காது. கடைசியில் ஒரு துளை பின்னோக்கி வந்து, நூலை வெட்டி, நுனியைத் தீக்குச்சியால் சுட்டு அழுத்துங்கள்.

ஓரம்

நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். பார்ப்பவர்கள் கடையில் வாங்கியதா என்று கேட்பதும் இதனால்தான். ஓரத்தை 400-ம் எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி, விரல் நுனியில் தண்ணீர் தொட்டு ஈரமாக்கி, வழுவழுப்பான மரத்துண்டாலோ முரட்டுத் துணியாலோ வேகமாகத் தேயுங்கள். சூடு ஏற ஏற நார்கள் ஒட்டிக்கொண்டு, ஓரம் கருத்துப் பளபளக்கும். அப்புறம் தேன்மெழுகைத் தடவி மறுபடி தேயுங்கள். மெழுகு அடைத்த ஓரத்தில் வியர்வை சீக்கிரம் இறங்காது.

கடைசியாக, துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மேல்பக்கம் ஒருமுறை துடைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். எண்ணெய் அதிகமானால் தோல் தொய்ந்துவிடும்.

மாட்டுவது

நுனியை 12 மணிப் பக்கத்துப் பின் வழியாக மேலிருந்து நுழைத்து, முதுகுக்கு அடியில் இழுத்து, 6 மணிப் பக்கத்தில் வெளியே எடுங்கள். வாட்ச் வாரின் மேல் நகரும், மணிக்கட்டுக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பிறகு கையின் வளைவுக்கு வந்துவிடும், நிறமும் நாளுக்கு நாள் தேன் நிறமாக ஆழ்ந்துகொண்டே போகும்.

குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். மழையில் நனைந்தால் வாட்சிலிருந்து உருவி, துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும். உருவியது உருவியாயிற்று, அப்படியே இரண்டு பின்களையும் நகத்தால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். துள்ளாமல் மந்தமாக இருந்தால் புதுப் பின் மாற்றும் நேரம் வந்துவிட்டது.