ஹேலி – டிசாண்டிஸ் மோதலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 நவம்பர். அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த நிக்கி ஹேலி, ஒரு பேட்டியில், சமூக ஊடகத்தில் எழுதும் ஒவ்வொருவரின் பெயரும் சரிபார்க்கப்பட வேண்டும் என்றார். பெயரை மறைத்து எழுதுவது தேசப் பாதுகாப்புக்கே ஆபத்தாம். எதிரணியான ஜனநாயகக் கட்சி வாய் திறக்கும் முன்பே சக போட்டியாளர்களான ரான் டிசாண்டிஸும் விவேக் ராமசாமியும் அவர் மேல் பாய்ந்தார்கள். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களான ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் 1787–88இல் அந்நாட்டு அரசியல் சாசனத்துக்கு ஆதரவாக எழுதிய 85 கட்டுரைகளும் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில்தானே வந்தன என்று கேட்டார்கள்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அந்த ஒரு பேட்டியோடு நின்றுவிடுகிறார்கள். மறுநாளே ஹேலி இறங்கி வந்தார்: அமெரிக்கர்கள் பெயரில்லாமல் எழுதட்டும், ரஷ்யா, சீனா, ஈரான் ஆட்கள் எழுதுவதுதான் பிரச்சினை என்றார். சரி, பெயரைச் சரிபார்க்காமல் யார் எந்த நாட்டுக்காரர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு குழப்பம் சட்டத்தில். கருத்துச் சுதந்திரத்தைக் காக்கும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் சட்டத்திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. ஒரு நிறுவனம் தானாகவே சொந்தப் பெயர் கேட்டால் அது அந்த நிறுவனத்தின் விதி, அவ்வளவுதான். அரசு சட்டம் போட்டுக் கேட்க வைத்தால்தான் அரசியல் சாசனக் கேள்வி எழும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஹேலியைத் தாக்கியதால் டிசாண்டிஸைக் கருத்துச் சுதந்திரத்தின் காவலர் என்று நினைப்பது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஃப்ளோரிடா ஆளுநராக அவர் கூட்டம் போட்டு, ஊடகங்கள் மீது அவதூறு வழக்குத் தொடுப்பது எளிதாக வேண்டும் என்று பேசியிருந்தார். அதையொட்டி வந்த மசோதாவில், பெயர் வெளியிடாத ஒருவர் சொன்ன தகவலை அவதூறு வழக்கில் பொய் என்றே அனுமானிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. பப்ளியஸைக் கொண்டாடியவரின் மாநிலத்தில்தான் இது! அந்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்தவர்களில் வலதுசாரி வானொலிக்காரர்களும் உண்டு. காரணம் எளிது, வழக்கு தங்கள் வாசலுக்கும் வரும். மசோதா நிறைவேறாமலே போனது.

பழமைவாதிகள் என்றால் ஒரே குரல் என்று எண்ணுவதும் அப்படித்தான். ஓஹியோவில் பள்ளி வரியை எதிர்த்துப் பெயர் போடாமல் துண்டறிக்கை கொடுத்த ஒரு பெண்ணின் வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வலதுசாரிகள் கொண்டாடும் இரு நீதிபதிகளில் தாமஸ் அந்த முடிவை ஏற்றார், ஸ்காலியா எதிர்த்தார். இருவருமே பழைய வரலாற்றைத்தான் சான்றாகக் காட்டினார்கள்.

அப்புறம், இந்தச் சண்டைதான் ஹேலியைக் கவிழ்த்தது என்று எழுதுவதும் தவறு. 2024 ஜனவரியில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாக்கெடுப்பு நடந்த அயோவா மாநிலத்தில் டிசாண்டிஸ் சுமார் 21%, ஹேலி சுமார் 19% வாங்கினார்கள். ஒரு விவாத மேடையில்கூட ஏறாத ட்ரம்ப் வாங்கியது 51%.